ராசநாயகம் சவுக்காரத்தில மாக் கலக்கேல்லை

1

மட்டக்களப்புப் பக்கத்துத் தென்னையள் எல்லாத்தையும் ஒரே அடியாய்ப் படுக்க வைச்ச பெரிய சூறாவளி இருக்கெல்லோ, அது வந்து போய் அடுத்த பங்குனி வெயில் தொடங்கேக்க நடந்த சங்கதி இது. வருசக் கணக்கு எனக்கு வராது. காத்தையும் மழையையும் வைச்சுத்தான் நான் கணக்குப் பிடிக்கிறனான். அப்ப எனக்குக் கலியாணம் ஆகேல்லை. மீசை மட்டும் நல்லாய் இருந்தது.

ஊர்ச் சங்கத்து ஆக்கள் ஆண்டு மலர் போடினமாம். "அண்ணை, நோர்வே வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதித் தாங்கோ, பனி, குளிர், பிள்ளையள் தமிழ் மறக்கிறது, அப்பிடி ஏதாவது" எண்டு கேட்டவை. நான் சாம்பல்தீவுப் பள்ளிக்கூடத்தில ரெண்டாம் வகுப்போட யன்னலால குதிச்சு ஓடினவன். எனக்கு எழுத்து ஏலாது. ஆனால் இப்ப போனுக்குக் கதைச்சால் அது தன்ர பாட்டில எழுதுது. நான் சவுக்காரம் எண்டால் அது சவுக்கு மரம் எண்டு எழுதுது. பேந்து என்ர மனிசி பவளம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்து திருத்திறா. பிழை கிடந்தால் என்னைப் பேசாதேங்கோ, அவவையும் பேசாதேங்கோ, போனைப் பேசுங்கோ.

பனியைப் பற்றிச் சொல்ல ஒண்டும் இல்லை. வெள்ளையாய் இருக்கும், வழுக்கும். எனக்குச் சொல்ல வேறை ஒண்டு கிடக்கு. மூண்டு கிழமையாய் அது என்னை இருக்க விடுகுதில்லை. கதிரையில இருந்தால் எழும்பிறன், எழும்பினால் யன்னலுக்குப் போறன், யன்னலுக்கு வெளியால மழை. திரும்பி வந்து இருக்கிறன். பவளம் சொல்லுறா, "குட்டி போட்ட பூனை தோத்துப்போச்சு."

2

நாங்கள் இருக்கிறது ஸ்டவாங்கர் எண்ட பட்டினம். கடல்கரை. எண்ணெய்க் கம்பனிக்காரர் நிறைஞ்ச இடம். எங்கட ஊர்த் துறைமுகம் மாதிரி எண்டு சொல்லுவன், பவளம் இல்லையெண்டுவா. அவ சொல்லுறதுதான் சரி, இஞ்சத்தைக் கடலுக்கு மணமே இல்லை.

நான் வந்த புதிசில வடக்கில மீன் வெட்டினனான். பிறகு இஞ்ச வந்து ஒரு கல்லுப் பரிசோதனை இடத்தில துப்புரவு வேலை. பென்சன் வந்தும் கிழமைக்கு ரெண்டு நாள் கூப்பிடுகினம். பென்சன் எடுக்கப் போன இடத்திலயும் ஒரு கதை. என்ர பிறந்தநாளை, நான் இந்த நாட்டுக்கு வந்த அண்டைக்கு, அவையாய் சனவரி முதலாம் திகதி எண்டு எழுதிப் போட்டினம், பத்திரம் இல்லாதபடியால். அம்மா சொல்லுவா நான் ஆடி அமாவாசைக்கு முதல் நாள் பிறந்தனான் எண்டு. கந்தோரில இருந்த பிள்ளைக்கு அதைச் சொன்னன். அவ கொம்பியூட்டரில ஆடி அமாவாசையைத் தேடிப் பாத்திட்டு, "அப்பிடி ஒரு திகதி இல்லை" எண்டா. அப்ப நான் பிறக்கேல்லை எண்டு நினைக்கிறன்.

கல்லுக் கதைக்கு வாறன். அந்தப் பரிசோதனை இடத்தில என்ன நடக்குது எண்டு எனக்குப் பத்து வருசமாய்த் தெரியாது. சட்டி கழுவுறவனுக்குக் கறி எதுக்கு? பேந்து இங்ரிட் எண்டு ஒரு பிள்ளை வந்தா. எங்கட மகளின்ர வயது. அவதான் எனக்கு நிண்டு விளக்கம் சொன்ன முதல் ஆள். இஞ்ச "நீங்கள்" எண்டு ஒருத்தரும் கூப்பிடுறேல்லை. மேலதிகாரியும் நீ, டொக்டரும் நீ, கிழவனும் நீ. முதல் வருசம் எனக்குக் கோவம் கோவமாய் வந்தது. இப்ப இங்ரிட் "செல்லா, நீ வா, நீ பார்" எண்டால் செல்லம் பொழியிற மாதிரிக் கிடக்கு.

கடலுக்கு அடியில எண்ணெய் குளம் மாதிரித் தேங்கி நிக்குது எண்டுதான் நான் நினைச்சிருந்தனான். இல்லையாம். கல்லுக்குள்ள நிக்குதாம். கல்லு எங்கட பிட்டு மாதிரி, பாக்க இறுக்கம், உள்ளுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையள். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில ஒடுங்கின கழுத்து. தண்ணி விட்டுத் தள்ளினால் பாதி எண்ணெய் வரும், மிச்சப் பாதி கழுத்தில சிக்கிக்கொண்டு வராது. ஏன் வராது? எண்ணெய்த் துளிக்கு ஒரு தோல் இருக்கு, அது விறைப்பாய் நிக்கும். நண்டு வளைக்குள்ள கால் எல்லாத்தையும் விரிச்சு ஊண்டிக்கொண்டு நிக்குமே, இழுத்தால் கால்தான் கையோட வரும், அப்பிடி.

சவுக்காரம், அதுதான் சோப்பு, அந்தத் தோலைத் தளர்த்துமாம். அப்ப நண்டு சாக்குக்கணவாய் ஆகிப்போகுது. சாக்குக்கணவாய்க்குக் கால் எட்டு இருந்தாலும் எலும்பு இல்லை, எந்த ஓட்டைக்குள்ளாலயும் வழிஞ்சு வரும். இதை நான் இங்ரிட்டுக்குச் சொல்ல, அவ கைதட்டினா. "செல்லா, இதை நான் கூட்டத்தில சொல்லட்டா?" எண்டு கேட்டா. சொன்னாவோ தெரியாது.

அதுக்காகத்தான் அவ கல்லை வெட்டி எடுத்து, மண்வெட்டிப் பிடியளவு மொத்தத்தில ஒரு சாணுக்குக் குறைஞ்ச துண்டாக்கி, இரும்புக் கூட்டுக்குள்ள வைச்சு, எண்ணெயை ஊற விட்டு, பிறகு ஒவ்வொரு சவுக்காரத் தண்ணியாய்ப் பம்பில தள்ளிப் பாக்கிறா. எந்தச் சவுக்காரம் கூட எண்ணெயைக் கொண்டு வருகுது எண்டு. நான் கூட்டைக் கழுவுறனான்.

3

இப்ப ஊருக்கு வாறன். எங்கட குறிச்சியில எட்டு வீட்டுக்கு ஒரு நல்லதண்ணிக் கிணறு. சுத்தவரக் கிண்டினால் உப்பு, அதில மட்டும் இனிப்பு. முருகைக்கல்லுக் கட்டு, கடல் கல்லு, சுண்ணாம்பு சுடுற கல்லு. தேன்கூடு மாதிரி ஓட்டை.

நானும் ராசநாயகமும் அப்ப துறைமுகத்தில கூலி. கப்பல் அடித்தட்டுக் கழுவுறது, எண்ணெய்த் தாங்கி சுரண்டிறது, எது குடுத்தாலும் செய்வம். ரெண்டு பேரும் ஒரு சைக்கிள். போகேக்க அவன் மிதிப்பான், வரேக்க நான். அவன் வலு மெதுவான ஆள். கதைக்க முதல் மூக்கைத் தடவுவான். நான் அதுக்கு எதிர், வாய்தான் முதல் வரும், ஆள் பின்னால.

நான் ஒரு பீப்பா கழிச்ச எண்ணெய் கொண்டு வந்து வைச்சிருந்தனான். வள்ளத்து அடிக்குப் பூச, வேலியில நட்ட கதியாலுக்குக் கறையான் வராமல் பூச. கிணத்தடியில தாழை நிழல் இருந்தது, அதுக்குக் கீழ வைச்சன். ஒருநாள் விடியப் பாத்தால் பீப்பா சரிஞ்சு கிடக்கு. எண்ணெய் மண்ணால இறங்கிக் கிணத்துக்க போட்டுது. தண்ணிக்கு மேல வானவில்லு.

மாடு தட்டிப்போட்டுது எண்டு நான் சொன்னன். எல்லாரும் அந்த மாட்டைப் பேசிச்சினம்.

இறைச்சம். மூண்டு தரம் அடிமட்டும் இறைச்சம். அடுத்த நாள் பாத்தால் திரும்பவும் வானவில்லு. தண்ணியில இல்லை எண்ணெய், கல்லு குடிச்சு வைச்சிருக்கு. குடிச்சதைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் துப்புது. பொம்பிளையள் தெருக்கரைக் கிணத்துக்கு நடக்கத் தொடங்கிச்சினம், போக வரக் கால்மைல். ஒவ்வொரு குடமும் என்னைக் கடந்து போகேக்க ஒரு சொல்லு விழும். "செல்லத்துரை, எண்ணெய் வைச்ச தண்ணி தலைக்கு நல்லதாமே?" இப்பிடி.

ராசன்தான் சொன்னான், "மச்சான், கப்பல் தாங்கி கழுவுற மாதிரிச் சவுக்காரத்தால கழுவுவம்." கப்பல்காரர் கடல் தண்ணியில குளிக்கிற தேங்காயெண்ணெய்ச் சவுக்காரம் கொஞ்சம் அவனிட்ட இருந்தது. அதைச் சீவிக் கரைச்சு, கல்லுக் கல்லாய் ஊத்தினம். அய்யோ, அதைப் பாக்கோணும்! கல்லு கறுப்பாய் அழுதுது. வாளி வாளியாய் எண்ணெய் மிதந்தது. அண்டைக்கு முழுக்க நான் ராசனைத் தோளில தூக்காத குறை. கிணத்தின்ர பாதி சுத்தம்.

சவுக்காரம் முடிஞ்சுது. அடுத்த நாள் அவன் பட்டினத்துக்குப் போய் உடுப்புத் தோய்க்கிற நீட்டுச் சவுக்காரம், மாட்டுக் கொழுப்பில காய்ச்சினது, ஒரு சாக்குக் கொண்டு வந்தான். அதே வெள்ளை நிறம். அதுக்குள்ள நாங்கள் இறைச்சு இறைச்சு அடியில இருந்த உப்புத்தண்ணி ஏறிப்போட்டுது, அதை ஆரும் கவனிக்கேல்லை. கரைச்சு ஊத்தினம். நுரை இல்லை. திரள் திரளாய்ச் சாம்பல் நிறத்தில ஒண்டு பிறிஞ்சு வந்து கல்லெல்லாம் அப்பிக்கொண்டுது, கஞ்சிக்கு மாக் கரைக்கேக்க கட்டிபட்டால் எப்பிடி, அப்பிடி. ஊத்த ஊத்தக் கல்லின்ர ஓட்டை எல்லாம் அடைபட்டுது. எண்ணெயும் வரேல்லை, ஊத்துத் தண்ணியும் வரேல்லை.

எட்டு வீட்டுச் சனமும் சுத்தி நிக்குது. எல்லாற்ற கண்ணும் என்னில. நான் கிணத்துக் கட்டில ஏறி நிண்டு, அந்தத் திரளை ஒரு கை அள்ளித் தூக்கிக் காட்டிக் கத்தினன்.

"பாருங்கோ! இது மா! இவன் நல்ல சவுக்காரத்தைத் தனக்கு ஒளிச்சுப்போட்டு மாக் கலந்து உருக்கிக் கொண்டு வந்திருக்கிறான். மாச்சவுக்காரம்!"

ராசன் மூக்கைத் தடவினான். "நான் ஏன்டா கலக்கிறன்? நான் ஒண்டும் செய்யேல்லை. உன்ர கல்லுக்கும் தண்ணிக்கும்தான் விசர் பிடிச்சிருக்கு."

சனம் கொல்லெண்டு சிரிச்சுது. அந்தச் சிரிப்போட என்ர பீப்பா எல்லாருக்கும் மறந்துபோச்சு. கிணத்தை மண் போட்டு மூடினம். அவனுக்குப் பேர் நிண்டுபோச்சு.

எங்கட ஊரில பட்டப்பேர் வைச்சால் அது தோலோட போற சாமான், உங்களுக்குத் தெரியும். அவன் பாலையூற்றில கலியாணம் கட்டிப் போனான், பேர் அவனுக்கு முதல் போய் நிண்டுது. பிரச்சினைக் காலத்தில அகதி முகாமில ரெண்டு ராசநாயகம். அரிசிக்கு வரிசையில நிண்டால், பேர் கூப்பிடுறவர் சத்தம் போடுவார், "பெரிய ராசநாயகம் வாங்கோ, மாச்சவுக்காரம் வாங்கோ." நானும் அந்த வரிசையில நிண்டனான். அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால போனதைப் பாத்தனான். எனக்கு முன்னால நிண்டவர் சிரிச்சார். நானும் சிரிச்சன்.

4

மூண்டு கிழமைக்கு முதல் ஒரு செவ்வாய்க்கிழமை. பஸ் பிந்தி, நனைஞ்சுகொண்டு போனன். இங்ரிட் பம்புக்கு முன்னால நிண்டு எதையோ பேசிறா. நோர்வேக்காரர் சத்தம் போட்டுப் பேசமாட்டினம், மூச்சை மட்டும் விடுவினம். அமுக்கம் ஏறி ஏறி, பம்பு தானாய் நிண்டுபோச்சாம். கூட்டைக் கழட்டிக் கல்லை எடுத்துத் தட்டில வைச்சிட்டு, "செல்லா, கூட்டை நல்லாய்க் கழுவு" எண்டா.

நான் கல்லைப் பாத்தன். கல்லின்ர வாயில சாம்பல் நிறத்தில திரள். விரலால தொட்டு உருட்டினன். என்ர விரலுக்கு நாப்பத்தைஞ்சு வருசமாய் அது தெரியும்.

"அட, மாச்சவுக்காரம்!" எண்டு தமிழில கத்திப்போட்டன்.

"என்ன சொன்னாய்?"

நோர்வே பாசையில மாவுக்கு "மேல்", சவுக்காரத்துக்கு "சோப்பெ". நான் "மேல் சோப்பெ" எண்டன். அவ முழிச்சா.

"மாவோ? ஆர் இதுக்குள்ள மாப் போட்டது?"

"ராசநாயகம்" எண்டு என்ர வாய் சொல்லிப்போட்டுது.

"ஆர் அது? புதிசாய் வந்த ஆளோ?"

"இல்லை, இல்லை. என்ர கூட்டாளி. ஊரில. அந்த நாள்."

கிணத்துக் கதையைச் சுருக்கிச் சொன்னன். அவ சிரிச்சுக்கொண்டு சொன்னா, "அப்ப உன்ர கூட்டாளி மாப் போடேல்லை. ஒருத்தரும் மாப் போடேல்லை. வால் நீளம், தண்ணி உப்பு, அவ்வளவுதான்."

இதில என்ர பாசைப் பிழை ஒண்டு. வாலுக்கு அவையள் "ஹாலெ" எண்டுவினம், கழுத்துக்கு "ஹால்ஸ்". நான் கழுத்து நீளம் எண்டு விளங்கிக்கொண்டன். சவுக்காரத்துக்கு என்ன கழுத்து? "கொக்குக்கு மாதிரியோ?" எண்டு கேட்டன். அவ விழுந்து விழுந்து சிரிச்சுப்போட்டுப் பலகையில கீறிக் காட்டினா. ஒரு உருண்டைத் தலை, பின்னால ஒரு வால். எங்கட குளத்து வால்பேத்தை, தவளைக்குஞ்சு! சவுக்காரம் எண்டிறது கோடிக் கோடி வால்பேத்தையாம். தலைக்குத் தண்ணி விருப்பம், வாலுக்கு எண்ணெய் விருப்பம். தலையைத் தண்ணிக்க வைச்சு, வாலை எண்ணெய்க்க குத்தி, எண்ணெய்த் தோலைத் தளர்த்துதாம்.

நான் ஈரச் சப்பாத்தோட நிண்டு கேட்டன், "தேங்காயெண்ணெய்ச் சவுக்காரம் எப்பிடி?"

"அதில கனக்கக் கட்டை வால். கடல் தண்ணியிலயும் நுரைக்கும். அதாலதான் பழைய கப்பல்காரர் அதை வைச்சிருந்தவை."

"மாட்டுக் கொழுப்புச் சவுக்காரம்?"

"நீள வால். வால் நீண்டால் எண்ணெயை நல்லாய்ப் பிடிக்கும், ஆனால் தண்ணியில உப்புக் கூடினால் கரைஞ்சு நிக்காது. ஒண்டோட ஒண்டு அடுக்குப்பட்டுத் திரைஞ்சுபோகும். இண்டைக்கு எனக்கு நடந்ததும் அதுதான்."

பிறகு அவ தன்ர கரைச்சலைச் சொன்னா. நீள வாலை விடவும் மனமில்லை, வைச்சிருக்கவும் ஏலாது. அதால வாலில ஒரு கிளை வைச்சுப் பாக்கிறாவாம், கிளை வைச்ச விறகு அடுக்குப்படாதெல்லோ, அது மாதிரி. இன்னொண்டில தலைக்கும் வாலுக்கும் நடுவில ஒரு துண்டு ஒட்டிப் பாக்கிறாவாம், அது உப்பைத் தாங்குமாம். எல்லாம் சவுக்காரம்தான், எல்லாம் வெள்ளைதான், உடம்புதான் வேறை வேறை. "கண்ணால பாத்துச் சொல்ல ஏலாது, செல்லா" எண்டா.

"அந்தக் கிணத்துக் கல்லு என்ன கல்லு?" எண்டு அவ கேட்டா. நான் கடல் கல்லு, சுண்ணாம்பு சுடுற கல்லு எண்டன்.

அவ தலையை ஆட்டினா. "சுண்ணாம்புக் கல்லோ? அது இன்னும் மோசம். இந்த மாதிரிச் சவுக்காரத்தின்ர தலையைக் கல்லே பிடிச்சுத் தன்னில ஒட்டி வைச்சிருக்கும். உன்ர கூட்டாளி என்ன செய்யிறது, பாவம். அந்தக் கல்லுக்கும் அந்தத் தண்ணிக்கும் அது சரிவராது."

உன்ர கல்லுக்கும் தண்ணிக்கும்தான் விசர் எண்டு ராசன் சொன்னதைத்தான் இந்தப் பிள்ளை படிச்சுப் பட்டம் எடுத்துப் போட்டு எனக்குச் சொல்லுது. நான் வாளியைக் கவிட்டுப் போட்டு அதில இருந்தன். இங்ரிட் தண்ணி கொண்டு வந்து தந்தா, எனக்கு ஏதோ வருத்தம் வந்திட்டுது எண்டு நினைச்சு.

5

வீட்டை வந்தன்.

"இஞ்சாருங்கோ, சோறு ஆறுது."

"பவளம், ராசன் மாக் கலக்கேல்லை."

"ஓம்."

"என்ன ஓம்?"

"கலக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். அந்த எட்டு வீட்டில எங்கட அப்பா வீடும் ஒண்டெல்லோ, எங்கட நாய் வீமன் அந்தத் திரளை மணந்து பாத்திட்டுத் திரும்பிப் போனது. மா எண்டால் நக்காமல் விடுமோ? ஊரெல்லாம் பஞ்சம், நாயளுக்கு எலும்பும் இல்லை."

"அப்ப ஏனப்பா ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்டனீங்களோ? உங்களுக்கு அண்டைக்குக் கத்திறதுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டுது. பக்கத்தில நிண்டது ராசண்ணை."

நான் சோத்தைப் பிசைஞ்சுகொண்டே இருந்தன். நாய்க்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியேல்லை எண்டு சொல்ல மாட்டன். எனக்கும் தெரியும். ரெண்டாம் வகுப்புப் படிச்சாலும் மாவின்ர மணம் எனக்குத் தெரியாதோ?

மகள் வதனி ஒஸ்லோவில இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில முகம் காட்டுவாள். அவளுக்குச் சொன்னன். அவளின்ர தமிழ் இப்ப பாதி வழியில நிண்டுபோற பஸ் மாதிரி. "அப்பா, அது பழைய கதைதானே. ஒரு பகிடிப் பேர். தெ கோர் ப்ரா" எண்டாள். எல்லாம் சரி, பரவாயில்லை எண்டு அதுக்குக் கருத்து. இஞ்ச வளந்த பிள்ளையளுக்கு எல்லாம் தெ கோர் ப்ராதான்.

"உனக்கு அது விளங்காது, பிள்ளை. பேர் எண்டிறது சின்னச் சாமான் இல்லை."

அவள் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டு வந்தாள். பேந்து சிரிச்சுக்கொண்டு சொன்னாள், "விளங்கும் அப்பா. என்ர வகுப்பில ஒருத்தருக்கும் வதனி எண்டு சொல்ல வராது. 'வோட்' எண்டுதான் கூப்பிட்டவை. ஈரம் எண்டு அர்த்தம். பத்து வருசம் நான் ஈரம். யன்னலால தண்ணி தெளிப்பினம், பேருக்குப் பொருத்தமாம்."

"நீ எனக்குச் சொல்லேல்லையே!"

"நீங்கள் கேக்கேல்லையே, அப்பா."

தாயும் மகளும் சொல்லி வைச்ச மாதிரி. அண்டைக்கு நான் மழையில ரெண்டு தரம் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற குளத்தைச் சுத்தி நடந்தன்.

6

எனக்கு ஒரு யோசினை வந்தது. அந்த அடைபட்ட கல்லை ராசனுக்கு அனுப்பிறது. வாயால சொன்னால் என்னை நம்புவானோ? கல்லைக் கையில வைச்சு உருட்டிப் பாத்தால் அவனுக்குத் தெரியும்.

இங்ரிட்டைக் கேட்டன். அவ பாவம், மேல கேட்டா. மேல இருந்தவர் அதுக்கும் மேல கேட்டார். அது எண்ணெய் ஊறின கல்லு, கழிவுச் சாமான், பூட்டின பீப்பாவுக்கதான் போகோணுமாம். வெளியில கொண்டு போறதெண்டால் ஒரு பத்திரம் நிரப்போணும். நான் பத்திரத்தைப் பாத்தன். கல்லு எந்தக் கடலடி, எந்தக் கிணறு, எத்தினை மீற்றர் ஆழம், எண்டைக்கு வெட்டினது, எல்லாம் பதிஞ்சு கிடக்கு. அந்தக் கல்லுக்கு என்னை விட நல்ல பிறப்புப் பத்திரம். ஏன் கொண்டு போறாய் எண்டு ஒரு கட்டம். இங்ரிட் பேனையைப் பிடிச்சுக்கொண்டு, "என்ன எழுத, செல்லா?" எண்டு கேட்டா.

"மன்னிப்புக் கேக்க" எண்டன்.

அவ அப்பிடியே எழுதினா. ரெண்டு நாளில பதில் வந்தது, ஏலாது எண்டு. ஏலாது எண்டதை அவை நாலு வரியில நல்ல மரியாதையாய் எழுதியிருந்தினம்.

7

கல்லு இல்லாட்டியும் வாய் இருக்குத்தானே எண்டு ராசன்ர நம்பர் தேடினன். ஊரில ஒரு தம்பிக்கு எடுத்தன். சூறாவளிக்குப் பிறகு எத்தினையோ வருசம் கழிச்சுப் பிறந்த தம்பி.

"ஆர் அண்ணை, எந்த ராசநாயகம்?"

"சாம்பல்தீவில இருந்து பாலையூற்றுக்குப் போன ராசநாயகம். துறைமுகத்தில நிண்டவர்."

"அப்பிடி ஒருத்தர்... ஓ! மாச்சவுக்காரத்தாரோ? அதை முதலே சொல்லியிருக்கலாமே!"

அந்தக் கிணறு எங்க இருந்தது எண்டே அவனுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பேர் தெரியும். நம்பர் எடுத்துத் தந்தான்.

எடுத்தன். ராசன்ர மகள் எடுத்தா. "அப்பா முத்தத்தில இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், சத்தமாய்க் கதையுங்கோ" எண்டு போனைக் குடுத்தா. காகம் கத்திறது கேட்டுது. ஒரு ஓட்டோ போச்சுது.

"ஆர்?"

"நான் செல்லத்துரை. நோர்வேயில இருந்து."

அங்கால அவன் மூக்கைத் தடவுறான் எண்டு எனக்குத் தெரியும்.

"ம். உயிரோடதான் இருக்கிறியோ."

நான் எல்லாத்தையும் சொன்னன். கல்லு, கழுத்து, கட்டை வால், நீள வால், உப்பு ஏறினது. நான் கத்திக் கத்திச் சொல்ல, பவளம் குசினியில இருந்து எட்டிப் பாத்தா. அவன் எல்லாம் முடிய ஒரு கேள்வி கேட்டான்.

"வால்பேத்தையோ?"

"ஓம் மச்சான்."

"உதைக் கண்டுபிடிக்கவோ நோர்வேக்குப் போனனீ? நான் அண்டைக்கே சொன்னனான், உன்ர கல்லுக்குத்தான் விசர் எண்டு."

"ஓம், சொன்னனீ. என்னை மன்னிச்சுக்கொள்ளு ராசன்."

"எனக்கேன் சொல்லுறாய்?" அவன் சத்தம் உயரேல்லை. "நான் கலக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்தானே. அண்டைக்கு நீ என்ர காதுக்கையோ சொன்னனீ? கிணத்துக் கட்டில ஏறி நிண்டு ஊருக்கெல்லோ சொன்னனீ. போய் ஊருக்குச் சொல்லு."

மகளிட்ட, "வையடி உதை" எண்டான். கட்டாச்சுது.

8

அவன் சொன்னது நியாயம். ஆனால் அந்த எட்டு வீட்டுச் சனத்தில ரெண்டு வீட்டுக்காரர் கூட இப்ப அங்க இல்லை. கனடா, லண்டன், கொழும்பு, சிலர் மண்ணுக்க. எந்தக் கட்டில ஏறி நிண்டு ஆருக்குக் கத்திறது? அந்த நேரம்தான் சங்கத்துத் தம்பியள் திரும்பவும் எடுத்தினம், "அண்ணை, பனியைப் பற்றி எழுதியாச்சோ?" எண்டு. ஆனபடியால் இந்த மலர்தான் எனக்குக் கிணத்துக் கட்டு. நான் ஏறி நிக்கிறன். கேளுங்கோ.

ராசநாயகம் சவுக்காரத்தில மாக் கலக்கேல்லை. கொண்டு வந்தது கலப்பில்லாத சவுக்காரம். வால் நீளம், தண்ணி உப்பு, கல்லு சுண்ணாம்பு. அவ்வளவுதான்.

இன்னொண்டும் சொல்லோணும், இது பவளத்துக்கும் இப்ப போனைத் திருத்தேக்கதான் தெரியப்போகுது. அந்தப் பீப்பாவை மாடு தட்டேல்லை. முதல்நாள் பின்னேரம் நான்தான் அதைச் சரிச்சு ஒரு பேணி எண்ணெய் எடுத்தனான். கப்பலுக்குப் போற அவசரம். ராசன் சைக்கிளில இருந்து மணி அடிச்சுக்கொண்டிருந்தான். மூடியை நான் முறுக்கேல்லை, பீப்பாவை நிமித்தவும் இல்லை. கிணத்தைக் கெடுத்தது நான். கல்லு குடிச்ச எண்ணெய் மாதிரி இது இத்தினை வருசமும் எனக்குள்ள நிண்டுது, கழுத்தில சிக்கிக்கொண்டு.

பட்டம் இல்லாமல் எங்கட ஊரால இருக்க ஏலாது எண்டு எனக்குத் தெரியும். தேவையெண்டால் எனக்கு ஒண்டு வையுங்கோ. மூடி எண்டு வையுங்கோ, பீப்பா எண்டு வையுங்கோ, நான் சுமக்கிறன்.

இதை வாசிக்கிறவை வாசிக்காதவைக்குச் சொல்லுங்கோ. கனடாவில இருக்கிறவை லண்டனுக்குச் சொல்லுங்கோ, பட்டினத்தில இருக்கிறவை தம்பலகாமத்துச் சொந்தங்களுக்குச் சொல்லுங்கோ. பாலையூற்றுப் பக்கம் ஆரும் போனால், வழி தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி, அவன்ர படலைக்கு வெளியில நிண்டு, "ராசநாயகத்தார் வீடு எது?" எண்டு ஒருக்காக் கேளுங்கோ. முத்தத்திலதான் இருப்பான். காது மந்தம், கொஞ்சம் சத்தமாய்க் கேளுங்கோ.